தொட்டுப் பார்க்கச் சொன்னவர்களுக்கு

பென்னாகரத்தில் நான் இ-சேவை மையம் திறந்து இந்தத் தையோடு ஐந்து வருஷம் ஆகிறது. இதுவரை யாருக்கும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

முதலில் எங்கள் ஊர் மளிகைக்கடை மாமாவுக்கு. 2003-ல் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். நான் ஆயா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மா உங்கள் கடை போனுக்குத்தான் கூப்பிடும். ரிசீவரை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு, "உங்கம்மா லைன்ல இருக்கு, ஓடியா" என்று தெருமுனைவரை வந்து குரல் கொடுப்பீர்கள். மூச்சிரைக்க ஓடிவந்து எடுத்தால் ரிசீவரில் தவிட்டு வாசம் அடிக்கும். கடையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் "சீக்கிரம் பேசு" என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, மாமா. எனக்கு அம்மா என்றால் அந்தக் குரல்தான்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை பூட்டியே கிடக்கும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலே "தொடாதே" என்று விரட்டுவார்கள். சனிக்கிழமைகளில் சாவி வாங்கிவந்து திறந்துவிட்ட கணக்கு டீச்சர், "தொட்டுப் பாரு, கெட்டுப்போனா நான் பாத்துக்கறேன்" என்றீர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன செய்தாலும் தகும்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் வந்தது. அதில் தமிழில் அடிக்கத் தெரியாமல் தவித்தேன். தருமபுரியில் டிடிபி கடை வைத்திருந்த அக்கா, ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைச் சொல்லிக்கொடுத்தீர்கள். அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. புள்ளியை அதுவே வைத்துக்கொண்டு திரையில் 'அம்மா' என்று வந்து நின்றது. கண் கலங்கிவிட்டது எனக்கு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்துவைத்த அறிஞர்களுக்கும் இதிலேயே என் வணக்கம்.

லேப்டாப் படுத்தபோதெல்லாம் திருப்புளியை என் கையில் கொடுத்துத் திறக்கவைத்த சர்வீஸ் அண்ணனுக்கும் நன்றி.

போன வாரம் அம்மா, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவுக்கு என் மையத்துக்கே வந்தது. கட்டைவிரலை வைத்தால் மிஷின் எடுக்கவில்லை. சிமெண்டு அள்ளி அள்ளி ரேகை தேய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "பயப்படாம அழுத்திவை, ஒன்னும் ஆகாது" என்றேன். மூன்றாவது தடவை ரேகை விழுந்தது. அம்மா விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தது.

இப்படிக்கு,
ஆயா வளர்த்த பேத்தி