நிற்கும் குதிரை விற்பனைக்கு அல்ல

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கட்டுரை வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாமல் இருந்தது என் தப்பு, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பெரியவர் உன்னை விசாரித்தார்.

ஆஸ்திரேலியாவிலிருந்து படைக்காக மதராஸில் வந்து இறங்கிய வேலர் குதிரைகளைப் பற்றி நீ எழுதிய முதல் பாதி அருமை. மூன்றாம் பக்கத்தில்தான் சறுக்கிவிட்டாய். ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் 'குதிரை விற்பனை விளம்பரங்கள்' வரிசை வரிசையாக வந்தன என்று எழுதி ஐந்தாறு எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறாய். அதில் ஒன்றுகூட விற்பனை விளம்பரம் இல்லையடா! 'டு ஸ்டாண்ட் திஸ் சீசன்' என்றால் சந்தையில் நிற்கிறது என்று அர்த்தமில்லை. இந்தப் பருவத்தில் பொலிக்கு, அதாவது பெட்டையோடு சேர்க்க, நிற்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் பொலிகாளை வைத்திருப்பவர் வீட்டுக்கு மாட்டை ஓட்டிப்போவோமே, அதே சங்கதி. நீ விலை என்று எடுத்துக்கொண்ட 3 கினி (அந்தக் கால ஆங்கிலப் பணம்), ஒரு பெட்டைக் குதிரையைச் சேர்ப்பதற்கான கட்டணம். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை மாற்றிவிடு.

அதில் 'நிற்பது', 'பயணம் போவது' என்று இரண்டு வகை உண்டு. நிற்கும் குதிரை ஒரே பண்ணையில் இருக்கும், பெட்டைகள் அதைத் தேடி வரும். ரத்தக்குதிரைகள், அதாவது பந்தய வம்சத்துக் குதிரைகள், பெரும்பாலும் இப்படித்தான். பயணம் போவது உழவுக்கும் பாரவண்டிக்குமான கனத்த குதிரை: கிளைட்ஸ்டேல், ஷயர், சஃபோக். ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் மெய்ட்லேண்ட் சுற்றுவட்டாரம், விக்டோரியாவின் கோதுமைப் பகுதிகள், நியூசிலாந்தின் கேன்டர்பரி, ஒடாகோ என்று எங்கே கலப்பை ஓடியதோ அங்கெல்லாம் வசந்தம் பிறந்தால் ஒரு குதிரைக்காரர் பொலிகுதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஆகஸ்ட் கடைசியில் விளம்பரம் தொடங்கும், டிசம்பர் வரை வாராவாரம் வரும். அங்கே வசந்தம் செப்டம்பரில் என்பதை மறந்துவிடாதே. சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம் என்பதால், அக்டோபரில் சேர்த்தால் அடுத்த செப்டம்பரில், பசும்புல் இருக்கும்போது குட்டி விழும். ரத்தக்குதிரைக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அங்கே எல்லாக் குதிரைக்கும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி வயது ஒன்று கூடும். டிசம்பரில் பிறந்த குட்டி, செப்டம்பரில் பிறந்ததோடு ஒரே வயது என்று சொல்லி ஓட வேண்டிவரும்.

விளம்பரத்தின் மேல்பாதி முழுக்கப் பெருமை. பெயர், நிறம், வயது, உயரம், வம்சம், பரிசுகள். 16.2 என்று உயரம் போட்டிருந்தால் தசமப் புள்ளி என்று நினைத்துவிடாதே. ஒரு 'கை' 4 அங்குலம், ஆக 16 கை 2 அங்குலம், மொத்தம் 66 அங்குலம். பிடரி முடியும் இடத்தில், தோள்மேட்டில் அளப்பது. நாலு காலும் முகமும் வெள்ளை என்றதும் பஞ்சகல்யாணி என்று துள்ளியிருக்கிறாய். அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள், அழகாக இருக்கிறது. ஆனால் அது ராசிக்காக எழுதியதில்லை, கிளைட்ஸ்டேல் இனத்தில் சாதாரணமாக வரும் அடையாளம். 'யங் சாம்பியன்' மாதிரிப் பெயரை நம்பி ஒரு குதிரையை இன்னொன்றோடு முடிச்சுப் போடாதே. 'யங்' என்றால் இன்னார் மகன் என்பதுதான். ஒரே பெயரில் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கும். மேலே உள்ள படத்தையும் நம்பாதே. அச்சகத்தில் இருக்கும் ஒரே மரக்கட்டைப் படத்தைத்தான் எல்லாக் குதிரைக்கும் போட்டார்கள்.

தேதி இல்லாமல் கத்தரித்து வைத்திருக்கிறாயே, அந்தத் துண்டுக்கு ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனில் கிளைட்ஸ்டேல் சங்கம் 1877-இல் தொடங்கியது, வம்சாவளிப் பதிவேடு அடுத்த ஆண்டு வந்தது. டார்ன்லி 222, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 673 என்று பெயருக்குப் பின்னால் எண் போடுவது அதற்குப் பிறகுதான். மூதாதையர் பெயரோடு எண் இருந்தால் அந்த விளம்பரம் 1878-க்கு முந்தியதாக இருக்க முடியாது. எண் இல்லை என்பதற்காக அதற்கு முந்தியது என்று முடிவுகட்டிவிடாதே. பதிவாகாத குதிரைகள் அதன் பிறகும் ஏராளமாகச் சுற்றின. பாரக்குதிரை வம்சம் அதற்கு முன் வாய்ச்சொல்தான். ரத்தக்குதிரைக்கு மட்டும் இங்கிலாந்தில் 1791-லேயே பதிவேடு வந்துவிட்டது.

கீழ்ப்பாதிதான் எனக்கு உயிர். நீ அதை 'இதர விவரங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே என்று வருத்தமாக இருக்கிறது. குதிரை எந்தக் கிழமை எந்த ஊரில், மதியம் எந்த விடுதியில், ராத்திரி எந்த லாயத்தில் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும். திங்கள் காலை கிளம்பி ஒரு சுற்றுப்போய்ச் சனிக்கிழமை வீடு திரும்பும், ஞாயிறு ஓய்வு. அது பேருந்து நேர அட்டவணை மாதிரி வெறும் வசதிக்காகப் போட்டதல்ல. பெட்டையின் உடம்புக்கு ஏற்ற கணக்கு அது. பெட்டைக் குதிரை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வந்தால் ஐந்திலிருந்து ஏழு நாள் இருக்கும். குதிரை வாரம் ஒருமுறை அதே வாசலுக்கு வந்தால் அந்த நாட்களில் ஒருநாள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இந்த வாரம் சேர்த்த பெட்டைக்கு மூன்றாவது வாரம், அதாவது சரியாக 21-ஆம் நாள், மறுசோதனை. குதிரையைக் கிட்டே விடாமல் காதை மடக்கி உதைத்தால் சினை பிடித்திருக்கும் என்று நம்பலாம். ஆசையாக நின்றால் சினை பிடிக்கவில்லை, மறுபடியும் சேர்க்க வேண்டும். கர்ப்பத்தைக் கண்டறிய வேறு வழியில்லாத காலத்தில் அந்தக் கால அட்டவணையே பண்ணைக்காரருக்குப் பரிசோதனைக்கூடம்.

சோதிப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். நடுவில் கனமான மரத்தடுப்பு இருக்கும். ஒரு பக்கம் பெட்டை, மறுபக்கம் குதிரை, மூக்கோடு மூக்கு. பருவத்தில் இல்லாதது கீச்சிட்டு உதைக்கும், அடி தடுப்பில் விழும். பருவத்தில் இருப்பது வாலைத் தூக்கிப் பின்னங்காலை அகட்டி நின்று சிறுநீர் விடும். சேர்க்கும்போது பெட்டையின் பின்னங்கால்களுக்குத் தளை போடுவார்கள். ஒரு உதை சரியான இடத்தில் பட்டால் குதிரைக்கு அந்தப் பருவம் முடிந்தது, சொந்தக்காரருக்கு வருமானமும் முடிந்தது. குட்டி போட்ட பெட்டை ஒன்பதாம் நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வரும். தெரிந்தவர்கள் அந்த நாளைக் குறித்துவைத்துக் காத்திருப்பார்கள்.

இவ்வளவு செய்தும் தவறியது ஏன்? முதலாவது, கரு முட்டை வெளிவருவது பருவத்தின் கடைசி ஒன்றிரண்டு நாளில். குதிரை முதல்நாளே வந்து சேர்ந்துவிட்டுப் போய்விட்டால் பலன் குறைவு. இரண்டாவது, வசந்தத் தொடக்கத்தில், பகல் இன்னும் நீளாதபோது, பெட்டை வாரக்கணக்கில் பருவத்தில் இருப்பதுபோல் காட்டும், முட்டை வராது. செப்டம்பரில் சேர்த்துக் காசை விட்டவர்கள் பலர். மூன்றாவதுதான் மனுஷனால் வந்த கேடு. கட்டணம் சொந்தக்காரருக்கு. அதற்கு மேல் 'குரூம்ஸ் ஃபீ' என்று இரண்டரை ஷில்லிங்கோ ஐந்து ஷில்லிங்கோ முதல் சேர்க்கையின்போதே குதிரைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று ஆனபின் அவர் எந்தப் பெட்டையை வேண்டாம் என்பார்? ஒரே நாளில் மூன்று நாலு முறை சேர்த்தால் விந்து வலுக் குறையும், நவம்பரில் குதிரை இளைத்து நிற்கும். 'குறிப்பிட்ட எண்ணிக்கைப் பெட்டைகள் மட்டும்' என்று சிலர் அச்சிட்டது வெறும் அந்தஸ்துக்காக அல்ல என்பது என் கட்சி. உனக்கு மாற்றுக்கருத்து இருந்தால் எழுது, சண்டை போடுவோம்.

பண விஷயம் சுருக்கமாக: ஒரு கினி 21 ஷில்லிங். பவுண்டு 20 ஷில்லிங்தான், குழப்பிக்கொள்ளாதே. பாக்கித் தொகை பெரும்பாலும் ஜனவரியில், கோதுமை அறுத்துக் கையில் காசு வந்தபின். ஒரே சொந்தக்காரர் இரண்டு மூன்று பெட்டை கொண்டுவந்தால் தள்ளுபடி உண்டு. பண்ணையில் விட்டுவைத்த பெட்டைக்கு மேய்ச்சல் கூலி தனி. 'எல்லாக் கவனமும் எடுக்கப்படும், பொறுப்பு ஏற்க முடியாது' என்ற வரி அனேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். பெட்டை வேலியில் கிழிபட்டாலும் காணாமல் போனாலும் கேட்கக்கூடாது. சிலர் 'குட்டிக்கு உத்தரவாதம்' என்று போட்டார்கள். அப்போது கட்டணம் கூடும், சண்டையும் கூடும். குட்டி பிறக்கவில்லை என்று 10 மைலுக்கு அப்பால் இருப்பவர் சொன்னால் யார் போய்ப் பார்ப்பது?

இதே வாசகத்தைப் பத்திரிகை அச்சகத்திலேயே மடிப்பு அட்டையாகவும் அடித்து வாங்கிக்கொள்வார்கள். அட்டை குதிரைக்காரர் சட்டைப்பையில், துண்டறிக்கை கொல்லர் பட்டறைச் சுவரில், விடுதி வாசலில். குதிரையே நடமாடும் விளம்பரம் என்பது வேறு. பருவத் தொடக்கத்தில் ஊர் விவசாயச் சங்கம் அணிவகுப்பு நடத்தும். பிடரி மயிரைப் பின்னிப் பித்தளை பளபளக்க ஒவ்வொன்றாக நடத்திக் காட்டுவார்கள். அங்கேதான் பெட்டை வைத்திருப்பவர் கண்ணுக்கு வேலை. அச்சில் வராத நோய்கள் நடையில் தெரியும்: குளம்புக்கு மேல் எலும்புப் புடைப்பு, பின்முட்டி வீக்கம், ஓடினால் தொண்டையில் இரைச்சல். இவை குட்டிக்கும் போகும் என்ற கவலை வளர்ந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியாவில் அரசுக் கால்நடை மருத்துவரே பொலிகுதிரையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை வந்தது.

கடைசியாக உன் கட்டுரையின் அஸ்திவாரத்துக்கே வரும் கேள்வி. நீ கொடுத்த குதிரைகள் எல்லாம் கிளைட்ஸ்டேல். மதராஸ் குதிரைப்படைக்கு வந்த வேலருக்கு அவை தகப்பன் ஆகமுடியாது. படைக்கு வேண்டியது 15 கை அளவில், முடி அடராத சுத்தமான கால், நீண்ட தூரம் தாங்கும் மூச்சு. பீரங்கி இழுப்பதற்கு வேண்டுமானால் கொஞ்சம் பார ரத்தம் கலந்திருக்கலாம். 'இந்தியச் சந்தைக்கு ஏற்ற குட்டிகள்' என்ற சொற்றொடர் வரும் ரத்தக்குதிரை விளம்பரங்களைத் தேடு. அவையும் பாதிக் கதைதான். பெரிய பண்ணைகளில் பொலிகுதிரையைச் சொந்தமாக வாங்கிப் பெட்டைக் கூட்டத்தோடு அப்படியே மேய விட்டுவிடுவார்கள். அதற்கு விளம்பரம் எதற்கு? ஆகவே விளம்பர எண்ணிக்கையை வைத்து ஏற்றுமதியை அளக்காதே. அந்த ஒரு பத்தியை எடுத்துவிட்டால் ஓசூர்க் குதிரைப் பண்ணை பற்றிய உன் பகுதி இன்னும் நிமிர்ந்து நிற்கும்.

ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போவாய் அல்லவா? எனக்காக ஒன்று கேட்டு வா. தடுப்புக்கு இந்தப்பக்கம் பெட்டையை நிறுத்தி, பருவமா என்று குதிரையைக் காட்டிப் பார்க்கிறார்களே, அந்தச் செயலுக்கு அங்கே குதிரைக்காரர்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள்? நான் 'சோதிப்பது' என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டேன். கேட்ட சொல்லை அப்படியே, அவர்கள் உச்சரிக்கும்படி எழுதி அனுப்பு. திருத்திய மூன்றாம் பக்கத்தையும் சேர்த்து அனுப்பு, இந்தமுறை ஒரே வாரத்தில் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி