பட்டறைப் புகையும் அதே வாயுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறந்த குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுப்பதைப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. அந்த வாயுவோடு தினமும் புழங்குகிற இன்னொரு கூட்டமும் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் கோத்தகிரியில் நகைப் பட்டறை வைத்திருப்பவன். அப்பா காலத்திலிருந்து பழைய நகையை உருக்கித் தங்கத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிற வேலை.

தங்கம் கால் பங்கு, வெள்ளி முக்கால் பங்கு வருகிற மாதிரி சேர்த்து உருக்கி, தகடாக அடித்து, நைட்ரிக் ஆசிட்டில் போட்டுச் சூடு காட்டுவோம். வெள்ளியும் செம்பும் கரைந்துவிடும், தங்கம் பழுப்புப் பொடியாக அடியில் நிற்கும். கரையும்போது குமிழி விட்டு வருகிறதே, அதில்தான் நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது. காற்று பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகி, செம்பழுப்புப் புகையாகத் தெரியும். ஆசிட் கெட்டியாக இருந்தால் பழுப்புப் புகை நேராகவே கிளம்பும்.

என் மகள் கோவையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நர்ஸ். வழக்கமாகக் காற்றில் 10 லட்சத்துக்கு 20 பங்கு என்ற அளவில்தான் இந்த வாயுவைக் கொடுப்பார்களாம். அவ்வளவு குறைவாக இருக்கும்போது பழுப்பு வாயுவாக மாறுவது மெதுவாக நடக்கும். அப்படியும் அது எவ்வளவு உண்டாகிறது என்று பக்கத்திலேயே ஒரு மீட்டர் காட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் மெத்ஹீமோகுளோபின் (ஹீமோகுளோபினின் மாறிப்போன வடிவம்) ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள், அது ஏறினால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்க முடியாது. “எங்க வார்டுல இதுக்குன்னு ஒரு மெஷினே காவல் நிக்குதுப்பா, உங்க பட்டறையில என்ன இருக்கு?” என்று கேட்டாள். ஜன்னல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அதையும் சாத்திவிடுவோம்.

மலையில் இதுதான் சங்கடம். கீழே சமவெளியில் பட்டறைக் கதவு திறந்தே கிடக்கும். இங்கே உறைபனி விழுகிற நாட்களில் சந்து பொந்தெல்லாம் அடைத்துவிட்டுத்தான் உட்காருவோம். பழுப்பு வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். நாங்களோ தரையில் சம்மணம் போட்டு வேலை செய்கிறவர்கள். சூடு ஆறின புகை எங்கள் மூக்கு மட்டத்துக்குத்தான் இறங்கி வரும். ‘ஈரத்துண்டைக் கட்டிக்கோ’ என்பார்கள் பெரியவர்கள். இந்த இரண்டு வாயுவும் தண்ணீரில் லேசில் கரையாதவை, துண்டு எதைத் தடுக்கும்? கரையாததால்தான் மூக்கையும் தொண்டையையும் அதிகம் எரிக்காமல் நுரையீரலின் அடிவரைக்கும் போகின்றன. அம்மோனியா என்றால் ஆள் எழுந்து ஓடிவிடுவான். இது உட்கார வைத்தே உள்ளே இறங்கும். அமெரிக்காவில் தொழிலிடங்களுக்கு நைட்ரிக் ஆக்சைடு 10 லட்சத்துக்கு 25 பங்கு, நைட்ரஜன் டை ஆக்சைடு 5 பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் கடைத்தெருவில் அளந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

போன பனிக்காலத்தில் பக்கத்துப் பட்டறைப் பையன் ஒருவன் சாயங்காலம் ஆசிட் வைத்தான். கொஞ்சம் இருமினான், டீ குடித்தான், சரியாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவனுக்கு நடுராத்திரியில் மூச்சு வாங்கி, நுரைநுரையாகச் சளி வந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு போன இடத்தில் பனிக்குப் பிடித்த சளி என்று ஊசி போட்டிருக்கிறார்கள். வீட்டாருக்கும் ஆசிட்டைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை, சாயங்காலம் வந்த இருமலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டார்கள். விடிந்ததும் பட்டறைக்காரர் போய்ச் சொன்ன பிறகுதான் எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலில் நீர் கோத்திருப்பதைப் பார்த்து, ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். இந்தப் புகையின் குணமே அதுதான். பல மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு நீர் கோக்கும். தேறி எழுந்த சில வாரங்கள் கழித்து மூச்சுக்குழல்கள் அடைத்து மறுபடி திணறலும் வரலாம்.

வாயுவைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நானே நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிற ஆள். அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடை விட்டுத்தான் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. நம் உடம்பும் அதைத் தானாகவே உண்டாக்கிக்கொள்கிறது. ரத்த ஓட்டத்தில் அதற்கு உள்ள பங்கைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 1998இல் பர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசை ஏற்படுத்திய நோபலுக்கே கடைசிக் காலத்தில் டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின். அதைக் கலந்து செய்கிற கார்டைட் என்ற வெடிமருந்துக்காகத்தானே நம் அருவங்காடு தொழிற்சாலையே வந்தது!

நகைத் தொழிலாளர் சங்கத்தினருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிட் வேலையைக் கடைத்தெருவுக்கு வெளியே ஒரு பொதுக் கொட்டகைக்கு மாற்றுங்கள். புகையை உறிஞ்சும் விசிறி, அதைக் காஸ்டிக் சோடா கரைசல் வழியாக விடுகிற தொட்டி, உயரமான புகைபோக்கி ஆகிய மூன்றும் அங்கே இருக்க வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்குத் தலா ஒன்று போதும், செலவைப் பட்டறைக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வோம், என் பங்கைத் தர நான் தயார். இரவு நேரத்தில் மூச்சுத்திணறலோடு வருகிறவரிடம் ‘என்ன வேலை பார்க்கிறாய்’ என்று டாக்டர்கள் கேட்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டாலும், ‘ஆசிட் புகை பிடித்திருக்கிறது’ என்பதைத் தொழிலாளி முதலில் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர், கோத்தகிரி