கோடு எங்கே போட்டார்கள் என்று கேள்

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம். அங்கே காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்திருக்கும்; குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்.

2007 வாக்கிலேயே உலகில் பாதிப் பேர் நகரவாசிகள் ஆகிவிட்டார்களே, இந்தியா மட்டும் ஏன் 2011 கணக்கெடுப்பில்கூட 31 சதவீதத்தில் நின்றது என்று கேட்டிருந்தாய். முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள். நகரம் பெருப்பது வேறு, நாடு நகரமயமாவது வேறு.

நம்ம சேலம் மாநகராட்சியையே எடு. 2001இல் 6,96,760 பேர், 2011இல் 8,29,267 பேர். பத்து வருஷத்தில் 19 சதவீதம். இதைப் பத்தால் வகுத்து ஆண்டுக்கு 1.9 என்று போட்டுவிடாதே, வட்டிக்கு வட்டி மாதிரிதான் இதுவும், 1.75 வாக்கில் வரும். இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று பார்க்க ஒரு குறுக்குவழி, 70ஐ அதால் வகுப்பது: 40. இதே வேகத்தில் போனால் 40 ஆண்டில் சேலம் இரட்டிப்பாகும். ஆனால் கிராமமும் அதே வேகத்தில் பெருகினால் மொத்த மக்களில் நகரத்தாரின் பங்கு இம்மியும் அசையாது. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டின் நகர மக்கள் 27 சதவீதம் கூடினார்கள். கிராமத்தார் ஏழுகூட இல்லை. அந்த வித்தியாசம்தான் மாநிலத்தில் நகரத்தாரின் பங்கை 44 சதவீதத்திலிருந்து 48.4 ஆக்கியது.

மாநிலத்துக்கு 27, சேலத்துக்கு 19 என்றதும் சேலம் படுத்துவிட்டது என்று நினைக்காதே. மாநகராட்சிக் கோடு இருந்த இடத்திலேயே இருக்க, வீடுகள் கோட்டைத் தாண்டிப் போகின்றன. அதோடு, நேற்றுவரை கிராமமாக இருந்து இன்று நகரப் பட்டியலில் ஏறிய ஊர்களும் அந்த 27க்குள் அடக்கம். பிறப்பு, குடிபெயர்வு, இந்தப் பெயர் மாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் நகர வளர்ச்சி. எல்லோரும் குடிபெயர்வைப் பற்றியே பேசுகிறார்கள்.

பெயர் மாற்றத்தின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் கேரளாவைப் பார். 2001இல் 26 சதவீதம், 2011இல் 47.7. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு எங்கும் போகவில்லை. 99 ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் (அரசு அறிவிக்காமல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும் நகரம் என்று எண்ணும் ஊர்கள்) 461 ஆயின. ஜப்பானிலும் 2000இல் 79 ஆக இருந்தது பத்தே ஆண்டில் 91 ஆனது. அங்கே சிற்றூர்களைப் பக்கத்து நகராட்சிகளோடு இணைத்துவிட்டார்கள். சீனாவின் கதை அப்படி முழுக்கக் காகிதக் கணக்கு அல்ல: 1978இல் 18, 2011இல் பாதியைத் தாண்டி, 2020இல் 64. ஆலை வேலைக்கு ஆள் திரண்ட வேகம் அது. லத்தீன் அமெரிக்கா 80ஐத் தாண்டிவிட்டதால் இனி ஊர்ந்துதான் போகும்.

நம் நாட்டில் நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவிக்காத ஓர் ஊர் கணக்கெடுப்பு நகரம் ஆக மூன்று தேர்வு: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், முதன்மைத் தொழிலாளரான ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை. முதன்மை என்றால் வருஷத்தில் ஆறு மாதமாவது வேலை பார்த்தவர். முதல் இரண்டில் தேறியும் மூன்றாவதில் தோற்கும் ஊர்கள் உண்டு. ஆண்களை மட்டும் எண்ணுவதால், தறிக்குத் தார் சுற்றும் பெண்களும் கொலுசுப் பட்டறைப் பெண்களும் இந்தக் கணக்கில் கிடையாது. உன் மலைக்கு ஒரு வேடிக்கை: எஸ்டேட்டில் காப்பி பறிப்பவர் கணக்கெடுப்பில் விவசாயக் கூலி அல்ல, 'இதர தொழிலாளர்'. அடிவாரத்தில் மரவள்ளி பிடுங்குபவரோ விவசாயக் கூலி. ஆக, மூன்றாவது தேர்வில் கீழே இருக்கும் ஊரைவிட மேலே இருக்கும் எஸ்டேட் ஊர் சுலபமாகத் தேறும்! இன்னொன்று, 2011இன் பட்டியலே 2001 விவரத்தை வைத்துப் போட்டது; பிறக்கும்போதே பத்து வயது.

ஐநா 2025 அறிக்கையில் இந்த வம்பே வேண்டாம் என்று எல்லா நாட்டையும் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அடர்த்தியை வைத்து எண்ணியிருக்கிறார்கள். அதில் மக்கள்தொகை மிகுந்த நகரங்களில் முதலிடம் ஜகார்த்தாவுக்கு, டோக்கியோ மூன்றாவது. டோக்கியோ திடீரென்று காலியாகிவிடவில்லை, அளவுகோல் மாறியது. எனக்கு இந்த முறைதான் நேர்மையாகப் படுகிறது. ஆனால் கிராமப்புற வேலைத் திட்டமும் வீட்டு வரியும் கட்டத்தைப் பார்த்து வருவதில்லை, அரசாணையைப் பார்த்துத்தான் வருகின்றன. பஞ்சாயத்தை மாநகராட்சியோடு இணைக்காதே என்று ஜனங்கள் மறியல் செய்வது சும்மா இல்லை.

உன் ஊர்க் கணக்கை நீயே போட்டுப் பார். 2011 கணக்கெடுப்பின் கிராமவாரித் தொகுப்பில் (Primary Census Abstract) ஆண் முதன்மைத் தொழிலாளர் எண்ணிக்கையை எடு. அதிலிருந்து சாகுபடியாளர், விவசாயக் கூலி ஆகிய இரண்டு ஆண் கலங்களையும் கழி. மீதியை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கு. குறுவேலைத் தொழிலாளர் (ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர்) கலத்தைத் தவறியும் சேர்த்துவிடாதே, விடை தப்பிவிடும். 75 அல்லது அதற்கு மேல் வருகிறதா என்று எழுது.

அன்புடன்,
ராஜு