தேர்த் திருவிழாவில் பள்ளிகளும் தோட்டங்களும் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வட்டாரத்தில் அடுத்த ஆண்டுத் தேர்த் திருவிழாவுக்கான ஏற்பாட்டுக் கூட்டங்கள் தொடங்கவிருக்கும் இவ்வேளையில், ஜெர்மனியின் கொலோன் நகரில் அண்மையில் நான் கண்ட கார்னிவல் ஊர்வலங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். அங்கே பணிபுரியும் என் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, கிறிஸ்தவர்களின் தவக்காலம் பிறக்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள்களில் ஊரே தெருவில்தான் இருந்தது. வியாழக்கிழமை பெண்களின் நாள். எதிர்ப்படும் ஆண்களின் கழுத்துப் பட்டையை அவர்கள் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவது வழக்கமாம். அதற்கென்றே பழைய டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு என்று மகள் சொன்னாள்.

திங்கட்கிழமை நடைபெறும் பெரிய ஊர்வலம்தான் உலகறிந்தது. பிரெஞ்சு ஆட்சி நீங்கிப் பிரஷ்ய ஆட்சி வந்திருந்த காலத்தில், 1823இல், நகர மக்கள் ஒரு விழாக்குழு அமைத்து இதனை ஒழுங்குபடுத்தினார்கள். பழைய நகரக் காவற்படையின் சிவப்பு வெள்ளைச் சீருடையில் வருபவர்கள், படை ஒழுங்கையே கேலி செய்வதுபோலப் பின்புறத்தோடு பின்புறம் உரசி ஆடுவதைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. அலங்கார வண்டிகளிலிருந்து இனிப்புகளும் சிறு மலர்க்கொத்துகளும் மழையாகப் பொழிகின்றன. ஓர் ஊர்வலத்தில் வீசப்படும் இனிப்பு மட்டும் சுமார் 300 டன் என்கிறார்கள். சிறுவர்கள் "கமெல்லே!" (அவ்வூர் வழக்கில் மிட்டாய்) என்று கூவ, விவரமறிந்த பெரியவர்கள் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து அள்ளிக்கொள்கிறார்கள்.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவில் என் கண் சென்றது வண்டிச் சக்கரங்களின் பக்கம். ஒவ்வொரு பெரிய வண்டியின் சக்கரங்களை ஒட்டியும் சிலர் கூடவே நடந்து வருகிறார்கள். இனிப்புப் பொறுக்கக் குனியும் குழந்தை சக்கரத்தை நெருங்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவர்கள் வேலை. வண்டி நின்றாலும் அவர்கள் இடத்தை விட்டு நகர்வதில்லை. கடைசி வண்டி கடந்ததுமே ஆரஞ்சு நிறச் சீருடை அணிந்த துப்புரவுப் பணியாளர்கள், பெருக்கும் வாகனங்களோடு அதன் பின்னாலேயே வந்துவிடுகிறார்கள். விடிந்த பிறகும் தேர் வீதியில் நெகிழிக் குவளைகளையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் மிதித்து நடந்து பழகிய எனக்கு இது வியப்பாக இருந்ததில் வியப்பில்லை.

ஆயினும் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது, அதற்கு முந்தின நாளான ஞாயிற்றுக்கிழமை நடந்த ஊர்வலத்தைப் பற்றியே. அது பள்ளிகளுக்கும் நகரின் குடியிருப்புப் பகுதிகளுக்கும் உரியது. மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் தாங்களே வெட்டித் தைத்த உடைகளோடு, தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு கருப்பொருளோடு நடந்து வருகிறார்கள். அக்குழுக்களில் சிறந்தவற்றுக்குக் கிடைக்கும் பரிசு, மறுநாள் பெரிய ஊர்வலத்தில் நடக்கும் உரிமை. என் அருகில் நின்ற பாட்டி, பேரப்பிள்ளையின் பள்ளிப் பதாகை தெரிந்ததும் போட்ட கூச்சலில் என் காது அடைத்துப்போனது.

கார்னிவல் கேளிக்கை, தேர் வழிபாடு. இரண்டையும் ஒப்பிடலாகுமா என்று சிலர் கேட்கலாம். ஒப்பிடவில்லை. கொலோன் விழாவில் குடியும் கும்மாளமும் மிகுதி. கூட்டம் நெருக்கும் சில பகுதிகளில் கண்ணாடிப் புட்டிகளுக்குத் தடையே விதித்திருக்கிறார்கள். அதை நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை, கையிருப்பே போதும். நான் கேட்பது, ஊர்வலத்தில் நடப்பவர்கள் யார், பார்ப்பவர்கள் யார் என்பதை மட்டுமே. இன்று நம் திருவிழாக்களில் விழாக்குழுவினரும் காவடி எடுப்போரும் வாடகைக்கு வரும் மேளக் குழுக்களும் நடக்க, ஊர் ஓரமாக நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் நம் மலேசியாவில் ஏறக்குறைய ஒவ்வொரு ரப்பர்த் தோட்டத்துக்கும் சொந்தமாக ஒரு மாரியம்மன் கோயிலும் திருவிழாவும் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) சிதறிவிட்ட பிறகு, அத்தோட்டங்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகளே. தேருக்கு முந்தைய நாள் மாலை, அப்பள்ளிகளின் பிள்ளைகளும் முன்னாள் தோட்ட மக்களும் தத்தம் தோட்டத்தின் பெயர்ப் பதாகையோடு, கும்மியோ கோலாட்டமோ பொய்க்கால் குதிரையோ தங்களுக்குத் தெரிந்ததை ஆடிக்கொண்டு தேர் வீதியில் நடக்கட்டும். சிறப்பாகச் செய்த குழு மறுநாள் தேருக்கு முன்னால் செல்லட்டும். இளைஞர்களில் ஒரு பிரிவினர் தேர்ச் சக்கரங்களைக் காக்கவும், இன்னொரு பிரிவினர் துடைப்பத்தோடு தேரைப் பின்தொடரவும் முன்கூட்டியே நியமிக்கப்பட வேண்டும். தண்ணீர்ப் பந்தல் போடுவோரையும் இப்பணியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் பல மாத அவகாசம் தேவைப்படும். ஆகவே, காவல் துறையின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே தலைமையாசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரையும் முதல் கூட்டத்துக்கு அழைக்குமாறு எங்கள் வட்டார ஆலய நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்