கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னவர்கள் இன்னொரு வழியையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மகளிர் பக்கத்தில் கர்ப்பப்பை உள்படலப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரை படித்தேன். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே டாக்டரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது, சரிதான், ஆனால் பிள்ளை பெறாத சின்ன வயதுப் பெண்களுக்கும் இது வரும் என்று ஒரு வரி இல்லை. எங்கள் வீட்டில் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

என் தங்கை மகளுக்கு அப்போது 31 வயது. பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, உடம்பும் கொஞ்சம் கனம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் தீட்டு வரும், வந்தால் இருபது நாள் நிற்காது. கல்யாணமானால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிச் சொல்லியே வருடங்களைக் கழித்தோம், அதில் எனக்கும் பங்கு உண்டு. கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டெரோன் என்கிற ஹார்மோன் சுரக்காதாம். ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் மட்டும் வேலை செய்து உள்படலத்தைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும், வருடக்கணக்கில் அப்படியே விட்டால் சிலருக்கு அது புற்றாகிவிடும். இதை டாக்டர் படம் போட்டுக் காட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உள்படலத்தில் துணுக்கு எடுத்துச் சோதிக்கிற பயாப்சியில் புற்று என்றும், கிரேடு 1, அதாவது வீரியம் குறைந்த வகை என்றும் வந்தது. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று தேதியே குறித்துவிட்டார்கள். அது தப்பான வைத்தியம் என்று சொல்ல மாட்டேன், இந்த நோய்க்கு வழக்கமான வைத்தியமே அதுதான். ஆனால் குழந்தை இல்லாத பெண்ணிடம் வேறு வழி இருக்கிறதா என்று ஒரு பேச்சுக்கூடப் பேசவில்லை. பஸ் ஏறி மதுரைக்குப் போய் இன்னொருவரிடம் காட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. எம்ஆர்ஐ ஸ்கேனில் நோய் கர்ப்பப்பைத் தசைக்குள் இறங்கவில்லை, வேறெங்கும் பரவவில்லை, கிரேடும் 1 என்றால், அதிக அளவில் புரோஜெஸ்டெரோன் வகை மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் லூப்போ, இரண்டுமோ கொடுத்துப் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி பயாப்சி. மறையவில்லை என்றாலோ பரவினாலோ ஆபரேஷன்தான். நிறையப் பேருக்கு மறைகிறது, மறைந்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது என்பதையும் அந்த டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

அவளுக்கு ஒன்பது மாதத்தில் மறைந்தது. நாங்கள் அடுத்த தப்பைச் செய்யப் பார்த்ததும் அப்போதுதான். அவள் அப்பத்தா, "உடம்பு தேறட்டும், தானா தங்கும், குன்றக்குடி முருகன் பார்த்துக்குவான்" என்றார்கள். டாக்டர் கறாராக மறுத்துவிட்டார். மாத்திரையை நிறுத்தியதுமே அந்தப் பழைய ஹார்மோன் கோளாறு திரும்பிவிடும், காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் நோய் திரும்ப இடம் கொடுக்கிற மாதம், அதனால் நேரே ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைப்பது என்றார். முட்டை வளர்க்க ஊசி போட்டால் ஈஸ்ட்ரோஜன் ஏறுமே, புற்று வந்த உடம்பாயிற்றே என்று பயந்தோம். அதை ஏறவிடாமல் பிடிக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இடையில் பதினோரு கிலோ குறைத்தாள், அதுவும் சீடையும் மனகோலமும் டப்பா டப்பாவாக இருக்கிற வீட்டில்! புற்றுநோய் டாக்டரும் கருத்தரிப்பு டாக்டரும் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொண்டார்கள், எங்களைத் தூது போக விடவில்லை. அதுவே பாதிக் கஷ்டத்தைக் குறைத்தது.

முதல் தடவை கரு வைத்தது தங்கவில்லை. இரண்டாவது தங்கியது. எங்கள் பக்கத்துப் பிள்ளையார் நோன்பில் ஆளுக்கு ஒரு இழை, அதாவது மாவில் வைத்து ஏற்றின நூல் திரி, எடுத்துக்கொள்வது வழக்கம்; போன நோன்பில் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை எடுத்துக்கொண்டாள்.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. கிரேடு கூடுதலாகவோ ஆழமாகவோ இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தகுதி இருக்கிறவர்களிடமாவது ஆபரேஷன் தேதிக்கு முன் இதைச் சொல்ல வேண்டாமா? உங்கள் பக்கத்தில் இதை ஒரு டாக்டரைக் கொண்டு விரிவாக எழுத வையுங்கள்.

பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம். பிள்ளைப்பேறு முடிந்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மாமியார் வீட்டில் இரண்டாவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த மாதம் பயாப்சிக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறோம், டாக்டர் சொல்வதை அவர்களே கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி