ஏலக்காய்த் தோட்டத்தை விற்று ஒரு தீவு

மாப்ள ராசு,

ஆறு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டுவதை அப்புறம் மொத்தமாகத் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. இப்போது எழுதுவது நம்ம செல்வம் விஷயமாக. வண்டன்மேட்டு நாலு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தை விற்கப் போகிறான்.

கடனுக்காக இல்லடா, கிரெனடா நாட்டுக் குடியுரிமை வாங்க! கரீபியன் கடலில் இருக்கிற குட்டித் தீவு. கொச்சியில் ஒரு ஹோட்டலில் ஏஜென்ட் ஒருத்தன் கூட்டம் போட்டு, சூப் கொடுத்து, கடற்கரைப் படமெல்லாம் காட்டியிருக்கிறான். அந்த நாட்டுக் கொடியில் ஜாதிக்காய் இருக்கிறது, தெரியுமா? செல்வம் போனில் பெரிதாக்கிக் காட்டினான், ஓரத்துப் பச்சை முக்கோணத்துக்குள் தோடு பிளந்த காய், உள்ளே சிவப்பாக ஜாதிபத்திரி. "நம்ம தொழில்காரங்கதான் மாமா" என்கிறான். அந்த மரம் என் கொல்லையிலேயே நிற்கிறது, பத்திரியை அவன் அக்காதான் வெயிலில் காயப்போடுகிறாள், அதைப் பார்க்க எதற்கடா தோட்டத்தை விற்க வேண்டும்?

அந்த அரசாங்கத்தின் நிதிக்கு 2,35,000 டாலர் நன்கொடை, நம்ம கணக்கில் சுமார் இரண்டு கோடி. நன்கொடை என்றால் திரும்பி வராது, அது போக ஏஜென்ட் கூலி, மற்ற கட்டணமெல்லாம் தனி. ரிசர்வ் வங்கி ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,50,000 டாலர்தான் வெளியே அனுப்ப விடும், அதனால் கட்டணமெல்லாம் சேர்ந்து அதைத் தாண்டுகிற மிச்சத்தைச் செல்வம் பெண்டாட்டி பெயரில் அனுப்பச் சொல்லியிருக்கிறானாம் ஏஜென்ட். 1984-ல் செயின்ட் கிட்ஸ் என்கிற இன்னொரு கரீபியன் தீவு ஆரம்பித்து வைத்த வியாபாரம் இது. மால்டாவும் விற்றது, 2025-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டு பாஸ்போர்ட்டுக்கு இருந்த விசா இல்லாப் பயணத்தையும் ஐரோப்பா ரத்து செய்துவிட்டது. விற்கிறவன் விற்றுவிடுகிறான், வாங்கினவன்தான் முழிக்கிறான்.

இவன் குறியெல்லாம் அமெரிக்கா. கிரெனடாக்காரனுக்கு அங்கே ஈ-2 விசா உண்டு, கடை போட்டுப் பிள்ளைகளோடு இருக்கலாம். அது நிஜம்தான். ஆனால் காசு கொடுத்துக் குடியுரிமை வாங்கினவன் முதலில் மூன்று வருஷம் கிரெனடாவிலேயே குடியிருந்திருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டம் போட்டுவிட்டது. ஏஜென்ட் அதைச் சூப்போடு சேர்த்து முழுங்கிவிட்டான்.

இதையெல்லாம் விடு, எனக்குத் தூக்கம் கெடுவது வேறு. 1955 குடியுரிமைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையை அவனாக வாங்கின அன்றைக்கே இந்தியக் குடியுரிமை போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. "ஓசிஐ கார்டு வாங்கிக்கிறேன்" என்கிறான், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மாட்களுக்கு இந்திய அரசாங்கம் கொடுக்கிற அட்டை அது. பேரில்தான் ஓசி இருக்கிறது! அந்தக் கார்டை வைத்துக்கொண்டு வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வந்தாலும் சரி. ஆனால் இவன் இருப்பதை அல்லவா விற்கிறான்? விலை ஏறியதும் மனசு மாறி வந்தால், அவன் அப்பா நட்டு வைத்த மேட்டில் ஒரு சென்ட் கூட வாங்க முடியாது. இதைச் சொன்னேன், "காய் எடுக்க ஆளே கிடைக்கல, எதுக்குத் தோட்டம்" என்றான். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை, போன வாரம் கம்பத்திலிருந்து வர வேண்டிய ஜீப்பில் நாலு பேர்தான் வந்தார்கள்.

1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பீருமேடும் தேவிகுளமும் புதுசாக உருவான கேரளாவுக்குப் போனபோது நம்ம தாத்தாக்கள் கால் காசு செலவில்லாமல் ஒரே ராத்திரியில் மாநிலம் மாறினார்கள். மண் மட்டும் மாறவில்லை. இவன் கதை தலைகீழ்.

நீ இத்தனை வருஷம் ஷார்ஜாவில் இருந்தும் நம்ம பாஸ்போர்ட்டோடுதான் இருக்கிறாய், நீ சொன்னால் கேட்பான். வியாழக்கிழமை தோட்டத்தை வாங்குகிற கட்டப்பனைக்காரர் அட்வான்ஸ் தருகிறார், அதற்குள் போன் போடு. நான் எழுதினதாக மட்டும் சொல்லாதே.

எட்டு எம்எம் ஏலக்காய் ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், யார் வந்தாலும் கொடுத்துவிடுகிறேன்.

பாண்டி

பி.கு.: மூர்த்தி சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கிரெனடாவில் ரேஷன் கார்டு உண்டா என்று கேட்டார்.