பாலிசி யார் பெயரில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 67 வயது. தஞ்சாவூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றும் கார் ஓட்டுகிறேன். என் வயதுக்காரர்கள் கார் இன்சூரன்ஸ் பற்றிப் பேசினால் பிரீமியத்தை எப்படிக் குறைப்பது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "பழைய வண்டிதானே, தேர்டு பார்ட்டி மட்டும் போடுங்க, போதும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமான காப்பீடு. எனக்கு நஷ்டம் பிரீமியத்தால் வரவில்லை, பாலிசியில் இருந்த பெயரால் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவர் காலமானார். கார் அவர் பெயரில் இருந்தது. காரியங்கள் முடிந்து இரண்டு மாதத்தில் பாலிசி புதுப்பிக்கும் நாள் வந்தது. ஏஜென்ட் போன் செய்தார். "சார் பேர்லயே இருக்கட்டும்மா, அப்புறம் மாத்திக்கலாம். ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் துக்கத்துக்கு வந்து போனவர்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கும் விவரம் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் காலை மருத்துவக் கல்லூரிச் சாலையில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. ஒடித்துத் திருப்பியதில் கார் நடுத்தடுப்பில் மோதியது. பம்பர், இடது பக்க விளக்கு, ரேடியேட்டர் எல்லாம் போய்விட்டன. யாருக்கும் அடியில்லை. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் ஷெட்டுக்கு வந்த சர்வேயர் சின்னப் பையன், மரியாதையானவர். ஆர்.சி.யைப் பார்த்தார், பாலிசியைப் பார்த்தார், மறுபடி ஆர்.சி.யைப் பார்த்தார். "ஐயா வரலையாம்மா?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாலிசி போட்ட தேதியில் உரிமையாளர் உயிரோடு இல்லை என்று சொல்லி கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். 41,000 ரூபாயை பென்ஷனிலிருந்து கட்டினேன்.

விதி என்ன என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உரிமையாளர் இறந்தால், நடப்பில் இருக்கும் பாலிசி மூன்று மாதம் வரை, அல்லது அது முடியும் தேதி வரை, இதில் எது முந்தியோ அதுவரைதான் செல்லும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு 30 நாளில் இறப்பைத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 கொடுக்க வேண்டும். கணவர் ஐந்து வருடத்துக்கு மேல் கிளெய்மே வாங்கியதில்லை. அதற்காகப் பிரீமியத்தில் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில்) தள்ளுபடியாகக் கிடைக்கும் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும் வண்டியைத் தொடர்ந்து வைத்திருக்கும் மனைவிக்கு வரும். நேரத்தில் கேட்டிருந்தால் எனக்கு வந்திருக்கும்.

இன்னொன்று என்னை மிகவும் வருத்தியது. அந்தப் புதுப்பிப்பில், உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் 15 லட்சம் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் பணம் பிடித்திருந்தார்கள். யார் பெயரில்? என் கணவர் பெயரில். அந்த ஏழு மாதமும் ஓட்டியது நான். எனக்கு எதுவும் இல்லை. நாய்க்குப் பதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வந்திருந்தால் வழக்கு எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

பெயருக்கு அடுத்தது தேதி. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 சட்டத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் முடிந்த மறுநாள் வண்டி இடித்தாலும் நம் வண்டிச் செலவுக்கான கிளெய்ம் சிக்கலாகிவிடும். படிவம் 1ஏ-யில் டாக்டர் சான்றிதழ் வாங்கவே சில நாள் ஆகும். கண் புரை ஆபரேஷன் வேறு நடுவில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, பிரீமியத்துக்கு வருகிறேன். தேர்டு பார்ட்டி கட்டணம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூனில் அமலுக்கு வந்தபடி 1,000 முதல் 1,500 சிசி வரை உள்ள காருக்கு 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 30 வயதுக்கும் 75 வயதுக்கும் அது ஒன்றுதான். நாம் கூட்டிக் குறைக்க முடிவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியை மட்டும்தான். அதை முழுக்க வெட்டிவிடாதீர்கள் என்பது என் கருத்து. பென்ஷனில் வாழ்பவரால் 41,000-ஐ ஒரே மாதத்தில் புரட்டுவது எளிதல்ல. ஆனால் சின்னச் சின்ன இடிக்கெல்லாம் கிளெய்ம் போகவும் வேண்டாம். 4,000 ரூபாய் பம்பர் என்றால் பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் பாதி போகும், கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போகும், கையில் வருவது 1,000. அதற்காக அடுத்த வருடம் போனஸை இழப்போம்.

கோயில், ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட நான் ஓட்டுவதில்லை. ஓட்டும் தூரத்துக்கு ஏற்பப் பிரீமியம் கட்டும் வசதிக்கு 2022 ஜூலையிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்துவிட்டது. நானாகக் கேட்டபிறகுதான் அப்படி ஒன்று இருப்பதையே சொன்னார்கள். ஆக்டிங் டிரைவர் வைத்து ஓட்டுபவர்கள், அவருக்கான காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். நூறு ரூபாய்கூட ஆகாது.

காப்பீட்டு நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூத்தவர்களின் பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஓடிபிக்கு முன்னால் தமிழில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, வண்டியை இப்போது ஓட்டுவது யார், அவருடைய லைசென்ஸ் எந்தத் தேதி வரை?

எங்கள் தெருவில் கணவர் பெயரிலேயே காரை வைத்திருக்கும் பெண்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் படிவம் 31 கொடுத்துவிட்டார். மற்ற இருவருக்கும் இந்தக் கடிதம் அச்சில் வந்தால் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தஞ்சாவூர்